உப்பளப் பம்புகளில் பெல்ட்டுத் தேய்மானம்

தூத்துக்குடி உப்பளங்களில் உவர்நீர் இறைக்கும் பம்பின் பெல்ட்டு கோடையில் அறுந்தால், பாத்திகளுக்கு நீர் நின்று சிறு உற்பத்தியாளருக்கு நஷ்டமுண்டாகும். ஆதலால் பெல்ட்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் அவசியம்.

தோல் பெல்ட்டு ஈரத்தில் நீண்டு, காய்ந்தால் விறைக்கும். உவர்நீர் தெறிக்குமிடத்திற்கு உகந்ததன்று. ரப்பர் ஊட்டிய கித்தான் பெல்ட்டு ஈரம் தாங்கும்; எண்ணெய் பட்டால் கெடும். மோட்டாரும் பம்பும் அருகிலிருப்பின் வி-பெல்ட்டு நலம். அது காடியின் பக்கங்களைக் கவ்வ வேண்டுமேயன்றி அடியைத் தொடலாகாது. பல பெல்ட்டுகள் சேர்ந்து ஓடுமிடத்தில் ஒன்று பழுதானாலும் யாவற்றையும் ஒருங்கே மாற்றுக. பழையவை நீண்டிருப்பதால் புதியதே பெருஞ்சுமையை ஏற்று விரைவில் தேயும்.

தேய்மானத்திற்குப் பெரும்பாலும் காரணம் கப்பிகளின் கோணலேயாம். மோட்டாரை நிறுத்தி, இரு கப்பிகளின் முகத்தோடும் நூல் பிடித்து நேர் பார்க்கவும். பெல்ட்டு தளர்ந்தால் வழுக்கிச் சூடேறும். மிக இறுகினால் பேரிங் கெடும். வழுக்கலுக்குக் குங்கிலியம் தூவுதல் தற்காலிகப் பரிகாரமே. பின்னர் பெல்ட்டின் மேற்பரப்பு பாழாகும். உப்புக்காற்றால் துருவேறிய கப்பி அரம்போல் பெல்ட்டை அராவுமாதலால் துருவை அடிக்கடி நீக்குக. மழைக்காலத்தில் உற்பத்தி நிற்கும்போது பெல்ட்டைக் கழற்றித் துடைத்து, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்தால் மறு பருவத்திற்கும் உதவும்.