கப்பலுக்குள் ஒரு பங்களா

(பினாங்கு, டத்தோ கிராமாட்டிலிருந்து ஓர் ஆசிரியை)

கப்பல் என்று சொன்னதும் நம் வீட்டுப் பெரியவர்கள் மனத்தில் எழும் காட்சி ஒன்று. பேரப் பிள்ளைகள் மனத்தில் எழும் காட்சி வேறொன்று. பெரியவர்களுக்குக் கப்பல் என்றால் ரஜூலா. தகரப் பெட்டி, கோரைப் பாய், ஊறுகாய் ஜாடி, தலைசுற்றல், வாந்தி! பிள்ளைகளுக்கோ கப்பல் என்றால் நீச்சல் குளம், சறுக்குமரம், நாடக அரங்கு, வேண்டிய மட்டும் சாப்பாடு.

பினாங்கு மக்களுக்கு இந்த இரண்டாவது காட்சி கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. டத்தோ கிராமாட் சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால், கார்ன்வாலிஸ் கோட்டைக்கும் மணிக்கூண்டுக்கும் அருகில் சுவெட்டன்ஹாம் துறை. மாடிக் கட்டடம் ஒன்று மிதந்து வந்தது போல உல்லாசக் கப்பல்கள் அங்கே வந்து நிற்கின்றன. அவற்றை வேடிக்கை பார்த்தது போக, நம்மவர்களும் இப்போது அவற்றில் ஏறுகிறார்கள். ஓய்வு பெற்ற தாய் தந்தையரைக் கப்பலில் அனுப்பி வைக்க ஆசைப்படும் பிள்ளைகள் பலர்.

அப்படி ஆசைப்படுகிறவர்கள் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கொஞ்சம் தாராளமாகவே செலவு செய்யலாம் என்று முடிவாகிவிட்டால், ஆயிரக்கணக்கானோர் போகும் பெரிய கப்பலில் ‘சூட்’ என்னும் பெரிய அறையை எடுப்பதா? அல்லது சில நூறு பேர் மட்டுமே போகும் ஆடம்பரக் கப்பலில் ஒரு சாதாரண அறையை எடுப்பதா? சில சமயம் இரண்டுக்கும் கட்டணம் ஏறத்தாழ ஒன்றாகவே வந்து நிற்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஒரு பள்ளிக்கூடக் கணக்கு

முதலில் ஒரு சிறிய வகுத்தல் கணக்குப் போடுவோம். கப்பலின் ‘டன்’ என்று விளம்பரங்களில் போடுகிறார்களே, அது கப்பலின் எடையன்று. அதன் உட்புறக் கொள்ளளவைக் குறிக்கும் அளவு. அந்த எண்ணைப் பிரயாணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஆளுக்கு எத்தனை பங்கு இடம் என்று தெரிந்துவிடும். கப்பல் தொழிலில் உள்ளவர்களே பயன்படுத்தும் கணக்கு இது.

2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆப் தி சீஸ்’ ஏறத்தாழ 2,48,600 டன். அறைக்கு இருவர் என்று கொண்டால் 5,610 பேர். வகுத்தால் சுமார் 44. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு நம் பக்கத்துக் கடல்களில் ஓடும் ‘கெந்திங் டிரீம்’ ஏறத்தாழ 1,50,700 டன், 3,352 பேர். வகுத்தால் சுமார் 45. இனி ஆடம்பரக் கப்பல்களைப் பார்ப்போம். 2017இல் வந்த ‘சில்வர் மியூஸ்’ சுமார் 40,700 டன், 596 பேர். விடை 68. 2016இல் வந்த ‘செவன் சீஸ் எக்ஸ்புளோரர்’ சுமார் 55,000 டன், 750 பேர். விடை 70க்கும் மேல்.

இதே கணக்கை நம் ரஜூலாவுக்குப் போட்டால் என்ன வரும்? 1926இல் ஸ்காத்லாந்தில் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சுமார் 8,500 டன். ஆரம்ப காலத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. விடை இரண்டுக்கும் குறைவு! பிற்காலத்தில் அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். டன்னை அளக்கும் முறையும் இடையில் மாறியிருக்கிறது. ஆனாலும் இரண்டு எங்கே, எழுபது எங்கே! மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிய அந்தக் கப்பலில், பாய் விரித்த இடமே படுக்கை, அதுவே சாப்பாட்டு மேசை, அதுவே வீடு.

கடலில் காசு கொடுத்து நாம் வாங்குவது முதலில் இடத்தைத்தான். தங்க முலாம் பூசிய குழாயெல்லாம் அப்புறம்.

போன வகுப்பு திரும்பி வந்த கதை

பழைய கப்பல்களில் வகுப்புகள் வெளிப்படையாகவே இருந்தன. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, டெக். ரஜூலாவுக்குப் பின் நம்மவர்களை ஏற்றி வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலிலும் அறைப் பிரயாணிகள் சிலர், கூடத்தில் அடுக்குக் கட்டிலில் படுத்தவர்கள் பலர். 1985 பிப்ரவரியில் நடந்த தீ விபத்தோடு சிதம்பரத்தின் பயணம் முடிந்தது. ஏழை எளியவர்கள் கப்பலில் ஊர் போய் வந்த காலமும் அதோடு முடிந்தது.

ஊருக்குப் போக ஆகாய விமானம் வந்துவிட்ட பிறகு, கப்பல் என்பது போக்குவரத்தாக இல்லாமல் பொழுதுபோக்காக மாறியது. அப்போது கப்பல் கம்பெனிகள் வகுப்புகளைக் கைவிட்டன. அறையின் அளவு வேறுபடலாம். மற்றபடி எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரே நீச்சல் குளம் என்றார்கள். பிறகு கப்பல்கள் பெருக்கத் தொடங்கின. 1988இல் 73,000 டன் கப்பலைப் பார்த்து உலகம் வாய் பிளந்தது. 2009இல் 2,25,000 டன் கப்பல் வந்துவிட்டது. கப்பல் பெருக்கக் கூட்டமும் பெருத்தது. பணம் படைத்தவர்கள் கூட்டம் பிடிக்காமல் சிறிய ஆடம்பரக் கப்பல்களுக்குப் போனார்கள்.

அவர்களைப் பிடித்து நிறுத்த ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது: பெரிய கப்பலின் ஒரு பகுதிக்குக் கதவு போட்டு, அதற்குள் தனிக் குளம், தனிச் சாப்பாட்டு அறை, தனி ஓய்வுக் கூடம். இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. லிம் கோ தோங் 1965இல் தொடங்கிய கெந்திங் குழுமம், 1993இல் ஸ்டார் குரூசஸ் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தது. அந்தக் கம்பெனி 2000இல் நார்வீஜியன் குரூஸ் லைனை விலைக்கு வாங்கியது. அதன் பின் வந்த நார்வீஜியன் கப்பல்களில்தான், முற்றத்தைச் சுற்றி வீடுகள் போல அமைந்த சூட்டுகள் தோன்றின. பிறகு அதற்கு ‘ஹேவன்’ என்று பெயர் வைத்தார்கள். 2008இல் எம்.எஸ்.சி. கம்பெனி ‘யாட் கிளப்’ என்று ஒன்றைக் கொண்டு வந்தது. கெந்திங் டிரீமில் அதற்குப் பெயர் ‘பேலஸ்’. கெந்திங்கின் ஹாங்காங் கப்பல் நிறுவனம் 2022 ஜனவரியில் நொடித்துப்போன பிறகும், அதே கப்பல் அதே ஆண்டில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புதிய பெயரில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

தோட்டத்துப் பங்களாவும் பங்களா ஊரும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பெரிய கப்பலின் சூட் என்பது தோட்டத்துக்குள் இருக்கும் துரை பங்களா. ஆடம்பரக் கப்பல் என்பது பங்களாக்கள் மட்டுமே உள்ள ஊர்.

துரை பங்களாவில் இருப்பவருக்குக் குறை ஒன்றும் இல்லை. கப்பலில் ஏறும்போது வரிசை கிடையாது. நாடகத்துக்கு முன் வரிசை நாற்காலி. படகில் கரைக்குப் போகும்போதும் முதலிடம். அறையைப் பொறுத்தவரை பெரிய கப்பலே சில சமயம் மிஞ்சிவிடுகிறது: ஐகானில் உள்ள ஒரு குடும்ப சூட் மூன்று அடுக்கு வீடு, மாடியிலிருந்து கீழே வரப் பிள்ளைகளுக்குச் சறுக்குமரம்! ஆனால் தனிக் கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டால், அதே ஐயாயிரம் பேர். அதே லிப்டுக்குக் காத்திருக்க வேண்டும். துறைமுகத்தில் இறங்கினால் அதே நெரிசல்.

பங்களா ஊரில் கதை வேறு. அங்கே மிகச் சிறிய அறையே ஏறத்தாழ 300 சதுர அடி இருக்கும். பழைய லயன் வீட்டில் ஒரு குடும்பமே இருந்த இடத்தை நினைத்துப் பாருங்கள்! விலை குறைந்த அறையில் இருப்பவரும் விலை உயர்ந்த அறையில் இருப்பவரும் பெரும்பாலும் ஒரே கூடத்தில்தான் சாப்பிடுகிறார்கள். கப்பலின் எந்த மூலைக்குப் போனாலும் அமைதி. அங்கேயும் உச்சத்துக்கு உச்சம் உண்டு; செவன் சீஸ் எக்ஸ்புளோரரின் மிகப் பெரிய சூட் 2016இல் ஓர் இரவுக்குப் பத்தாயிரம் அமெரிக்க டாலர் என்று பத்திரிகைகளில் அடிபட்டது. சிறிய கப்பல், பெரிய கப்பல் நுழைய முடியாத சின்னத் துறைமுகங்களுக்கும் போகும். ஆனால் கடல் கொந்தளித்தால் கூடுதலாக ஆடும். பேரப் பிள்ளைகளுக்கு அங்கே விளையாட அதிகம் இராது. இரண்டாம் நாளே ‘எப்போது வீட்டுக்குப் போவோம்?’ என்று கேட்பார்கள்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பங்களாவுக்கும் பங்களா ஊருக்கும் பெரும்பாலும் முதலாளி ஒருவரே! சில்வர்சீ ராயல் கரீபியனுக்குச் சொந்தம். ரீஜெண்ட், நார்வீஜியன் குழுமத்தைச் சேர்ந்தது. சீபோர்ன், கார்னிவல் குழுமத்தின் கையில். யாட் கிளப் நடத்தும் எம்.எஸ்.சி. குழுமமே 2023இல் ‘எக்ஸ்புளோரா’ என்ற ஆடம்பரக் கப்பலையும் விட்டது. நாம் எந்தக் கதவைத் தட்டினாலும் பணம் போய்ச் சேரும் பெட்டி ஒன்றாக இருக்கலாம். ஆகவே விளம்பரத்தில் எழுதியிருக்கும் போட்டியை நம்பி அவசரப்பட வேண்டியதில்லை.

பட்லரும் பில்லும்

பட்லர் என்ற சொல் தோட்டத்தாருக்குப் புதிதல்ல. துரை பங்களாவில் பட்லராக வேலை பார்த்த தாத்தாக்கள் நம்மில் பலருக்கு உண்டு. இன்று அந்தச் சேவையை நாமே விலை கொடுத்து வாங்கலாம். பெட்டியைப் பிரித்து அடுக்குவது, காப்பி கொண்டு வருவது, சாப்பாட்டுக்கு இடம் பிடித்து வைப்பது எல்லாம் சூட் பட்லரின் வேலை. அந்த ஊழியர்களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா நாட்டவர் ஏராளம். வீட்டை விட்டு மாதக் கணக்கில் கடலில் உழைக்கும் பிள்ளைகள் அவர்கள். அன்று டெக்கில் வந்தவர்களின் வாரிசுகளான நாம், அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நன்றி சொல்லிப் பேசினால் குறைந்தா போய்விடுவோம்?

பில் விஷயத்தில் கவனம் வேண்டும். ஆடம்பரக் கம்பெனிகள் பலவற்றில் பானங்கள், ஊழியர் அன்பளிப்பு எல்லாம் கட்டணத்திலேயே அடங்கிவிடும். ரீஜெண்டில் கரையில் ஊர் சுற்றிக் காட்டுவதும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பெரிய கப்பலில் அப்படி இல்லை. ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று அன்பளிப்புத் தொகை தனியே ஏறும். சூட் பிரயாணிகளுக்கு அது கூடுதலாகவே இருக்கும். யாட் கிளப் போன்ற சிலவற்றில் பானங்கள் சேர்த்தி. ஆகவே அறைக் கட்டணத்தை மட்டும் பார்த்து, ‘இது மலிவு, அது விலை’ என்று முடிவு கட்டக் கூடாது. கடைசி நாள் கையில் வரும் பில்லையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு பெரியவர் சொன்னது

டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 1951இல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். டெக்கில் படுத்தபடி, அறைகள் இருக்கும் மேல் தளத்துக்குப் போகும் ஏணிப்படியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொல்வார். அவருடைய மகன், ‘அப்பா ஒரு தடவையாவது ராஜா மாதிரி போகட்டும்’ என்று பெரிய கப்பல் ஒன்றில் சூட் எடுக்க நினைத்தார். பெரியவர் என்னிடம் விளக்கம் கேட்டார்.

“ஏம்மா டீச்சர், அந்த ரூமை எடுத்தா பேரப் புள்ளைங்க எங்க இருக்கும்?”

“அவங்க கீழ சாதாரண ரூம்ல இருப்பாங்க, தாத்தா. சாப்பாடும் அவங்களுக்கு வேற இடம்.”

“அப்ப எனக்கு வேணாம்மா.”

கடைசியில் அவர்கள் பால்கனி வைத்த இரண்டு சாதாரண அறைகளை அடுத்தடுத்து எடுத்துக்கொண்டு மூன்று இரவுகள் போய் வந்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்டேன். பேரனோடு கீழ்த் தளத்திலிருந்து ஒவ்வொரு தளமாக ஏறிப் பார்த்தாராம். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

“ஒரே ஒரு எடத்துல கண்ணாடிக் கதவு. கார்டு இருந்தாத்தான் தொறக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு டீச்சர். அன்னிக்கு ஏணிப்படி, இன்னிக்குக் கண்ணாடி!”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அறை எடுப்பதற்கு முன் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம் அதில் இருக்கிறது.

பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: யாரோடு போகிறோம்? மூன்று தலைமுறை சேர்ந்து போவதானால் பெரிய கப்பலே பொருத்தம். சூட் எடுத்தால் முழுக் குடும்பமும் ஒரே கதவுக்குள் இருக்கும்படி எடுங்கள்; இல்லையேல் எல்லாரும் சாதாரண அறையிலேயே போங்கள். கணவன் மனைவி இருவர் மட்டும் அமைதியை நாடிப் போவதானால் சிறிய ஆடம்பரக் கப்பலின் சாதாரண அறை, பெரிய கப்பலின் சூட்டை விட நிம்மதி தரும்.

இரண்டாவது: கப்பல் கரையில் கட்டப்படுமா, படகில் இறக்குவார்களா? முழங்கால் வலியுள்ளவர்களுக்கு இது முக்கியம். நாகப்பட்டினத்தில் நடுக்கடலில் நின்ற கப்பலுக்குப் படகில் போய் ஏறிய கஷ்டத்தை நம் முன்னோர் நன்கு அறிவார்கள்!

மூன்றாவது: சாப்பாடும் பில்லும். சைவச் சாப்பாடு வேண்டுவோர் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கட்டணத்தில் அடங்கியவை எவை, அடங்காதவை எவை என்பதையும் ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிக் கூட்டுங்கள்.

பெற்றோரைக் கப்பலில் அனுப்பி வைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கு எது ஆடம்பரம் என்று அவர்களையே கேளுங்கள். சிலருக்கு அது பட்லர் கொண்டு வரும் காப்பி. சிலருக்கு ஆள் இல்லாத நாற்காலியும் கடற்காற்றும். எங்கள் அடுக்குமாடிப் பெரியவரைப் போன்றவர்களுக்கு அது, பேரப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, எந்தப் படியிலும் தாராளமாக ஏறிப் போவது. அதற்குத் தகுந்தபடி வெள்ளியைச் செலவு செய்தால், செலவும் வீண் போகாது; மனமும் நிறையும்.