மலை மாதிரி வந்தவை பன்றிக்குட்டிகள்!

பனிப்பாறையை உடைத்துக்கொண்டு கிளம்பி, நிலம் அதிர ஓடிவந்து, ஒரு சின்னப் பெண்ணின் எதிரே வந்து நிற்குமே, அந்த ஆரக்ஸ் மிருகங்கள் நினைவிருக்கிறதா? 'பீஸ்ட்ஸ் ஆஃப் தி சதர்ன் வைல்ட்' (2012) படத்தைப் பார்த்த எவரும் அவற்றை மறந்திருக்க மாட்டார்கள். அத்தனையும் பன்றிக்குட்டிகள்! வியட்நாம் தொப்பைப் பன்றி இனத்தின் குட்டிகளைப் பிடித்து, நியூட்ரியா என்கிற சதுப்புநில எலியின் தோலைப் போர்த்தி, கொம்பு மாட்டி, குட்டியூண்டு செட்டில் ஓடவிட்டுப் படம்பிடித்திருக்கிறார்கள்.

கதை நடக்கும் லூசியானா கடலோரத்தில் நியூட்ரியா என்றாலே தலைவலி. சதுப்புப் புல்லை வேரோடு தின்றுவிடும். வேர் போன மண் அலையோடு போய்விடும். ஊரை அழிக்க வரும் மிருகத்துக்கு, அந்த ஊர் மண்ணைக் கரைக்கும் பிராணியின் தோல்! யோசித்துச் செய்தார்களோ, தானாக அமைந்ததோ, எனக்குப் புல்லரித்துவிட்டது.

இயக்குநர் பென் ஸைட்லினுக்கு இது முதல் முழுநீளப் படம். தோழி லூசி அலிபாரின் நாடகத்தை வைத்து இருவரும் சேர்ந்து எழுதினார்கள். கதையின் நாயகியான ஹஷ்பப்பி, நாடகத்தில் ஒரு பையன். படத்தில் சிறுமியானாள். அவளுக்காக ஏறக்குறைய 4,000 பேரைப் பார்த்தார்கள். ஆறு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. ஹவுமா என்ற ஊரிலிருந்து வந்த குவென்ஷனே வாலிஸுக்கு ஐந்துதான். வயதைக் கூட்டிச் சொல்லித்தான் உள்ளே நுழைந்தாள். கத்தினால் காது கிழியும், கேட்ட மாத்திரத்தில் ஏப்பமும் வரும். இந்த இரண்டிலும் இயக்குநர் விழுந்துவிட்டார்!

அப்பா விங்க் கிடைத்த கதை இன்னும் பிரமாதம். நியூ ஆர்லியன்ஸில் நடிகர் தேர்வு நடந்த இடத்துக்கு எதிரே ட்வைட் ஹென்றியின் பேக்கரி. காலையில் அங்கே சாப்பிடப் போன படக்குழு, அவரையும் நடித்துக் காட்டச் சொன்னது. அவரைத்தான் போடுவது என்று முடிவானபோது, மனிதர் கடையை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்! தேடிப் பிடித்துக் கேட்டால், கடையை விட்டு வர முடியாது என்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் சம்மதிக்க வைத்தார்கள். ராத்திரி அவர் மாவு பிசையும் நேரத்தில் அங்கேயே ஒத்திகை. கத்ரீனா புயலில் வீட்டை விட்டு வெளியேறாமல் வெள்ளத்துக்குள்ளேயே நின்றவர் அவர். விங்க்கின் பிடிவாதத்தை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்பாவும் மகளும் போகும் படகைக் கவனித்தீர்களா? ஸைட்லினின் பழைய டிரக் போனபின் மிஞ்சிய பின்பக்கத் தொட்டிதான் அது! படத்தில் வரும் நண்டுக் காட்சியையும் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் ஹஷ்பப்பிக்குக் கத்தியால் நண்டைத் திறக்கக் கற்றுக்கொடுப்பார். விங்க் குறுக்கே பாய்ந்து, கையாலேயே உடை என்று அதட்டுவார். ஊரே மேஜையைச் சுற்றிக் கூச்சலிட, பிஞ்சு விரல்கள் ஓட்டைப் பிளக்கும். சதையை உறிஞ்சிவிட்டு மேஜைமேல் ஏறிக் கையை முறுக்குவாளே, அது ஒன்றுக்கே அவளுக்கு எல்லா விருதும் கொடுக்கலாம்!

படப்பிடிப்பு தொடங்கிய நாள் 2010 ஏப்ரல் 20. அன்றுதான் மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. எண்ணெய் பரவிக்கொண்டிருந்த கடலோரத்தில்தான் இந்தப் படத்தை எடுத்து முடித்தார்கள். செலவு சுமார் 18 லட்சம் டாலர். சன்டான்ஸ் விழாவில் பெரிய பரிசு, கான் விழாவில் கேமரா டோர் விருது, நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள். சிறந்த நடிகைக்குப் பரிந்துரையானபோது வாலிஸுக்கு ஒன்பது வயது. அந்தப் பிரிவில் அவ்வளவு சின்ன வயதில் வேறு யாரும் பரிந்துரை பெற்றதில்லை.

படத்தில் ஹஷ்பப்பி வாழும் 'பாத்டப்' கற்பனை ஊர். அதற்குத் தூண்டுதலான ஈல் டி ஜான் சார்ல்ஸ் தீவு நிஜம். ஆற்றின் வண்டலைத் தடுத்த கரைகள், எண்ணெய்க்காக வெட்டிய கால்வாய்கள், புயல்கள் எல்லாம் சேர்ந்து, 1955க்குப் பிறகு அதன் நிலத்தில் 98 சதவீதத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மக்களை இடம்மாற்ற 2016இல் அரசு 4.8 கோடி டாலர் ஒதுக்கியது. 2022இல் புது ஊரில் குடியேற்றம் தொடங்கியது. பிள்ளைகள் நண்டு உடைத்து வளர்ந்த அந்தக் கரையைப் படத்திலாவது பார்த்துவிடுங்கள். 93 நிமிடம்தான். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.