பூட்டப்பட்ட பொலிஸ் அலைவரிசை: கேட்கும் உரிமை யாருக்கு?

இரவு பதினொரு மணிக்கு உங்கட தெருவில் ஐந்து பொலிஸ் கார் வந்து நிற்குது. மஞ்சள் நாடா கட்டுகிறார்கள். பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்க்கிறார்கள். என்ன நடந்தது என்று யாரிடம் கேட்பீர்கள்? வாசலில் நிற்கும் பொலிஸ்காரர், "உள்ளே போங்கோ, பயப்பட ஒன்றுமில்லை" என்பார். அடுத்தது வட்ஸப் குழுமம். பத்து நிமிடத்துக்குள் அங்கே மூன்று கதை வந்துவிடும். ஒருவர் வெடிச்சத்தம் கேட்டது என்பார், இன்னொருவர் வீடு உடைத்தார்கள் என்பார், மூன்றாமவருக்கு ஏற்கெனவே ஆளின்ட பெயரும் தெரியும்.

முன்பு இதற்கு ஒரு நேரடி வழி இருந்தது. ஸ்கானர் என்ற சின்னப் பெட்டியை வாங்கி வைத்தால் பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் எல்லாம் தங்களுக்குள் பேசுவதை அப்படியே கேட்கலாம். ரொறன்ரோவில் தொழிற்சாலை இரவு வேலையும் படிப்புமாக ஓடித்திரிந்த காலத்தில் நானும் ஒன்று வாங்கினேன். மலிவான பொழுதுபோக்கு. ஆங்கிலம் வேகமாகப் பேசினால் எப்படி இருக்கும், எந்தத் தெரு எந்தத் தெருவை எங்கே வெட்டுது என்பதையெல்லாம் அந்தப் பெட்டிதான் எனக்குச் சொல்லித் தந்தது. பள்ளிக்கூடம் போய்ப் படித்ததை விட அதில் படித்தது கூட.

இன்று ரொறன்ரோப் பொலிஸின் பேச்சு எந்தப் பெட்டியிலும் வராது. நகரம் பொலிஸ், தீயணைப்பு, மருத்துவ உதவி மூன்றுக்கும் பொதுவான டிஜிட்டல் ரேடியோ வலையமைப்புக்கு மாறியபோது பொலிஸ் தன் அலைவரிசைகளை மறைகுறியாக்கிப் பூட்டிக்கொண்டது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பெரிய எதிர்ப்பு ஒன்றும் எழவில்லை. எங்கட ஆக்கள் பலருக்கு அப்படி ஒரு கதவு திறந்திருந்ததே தெரியாது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

டிஜிட்டல் வேறு, பூட்டு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். "டிஜிட்டலுக்கு மாறினதால கேட்க ஏலாது" என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை.

பழைய அனலொக் முறையில் ஒரு நிலையத்துக்கு ஒரு அலைவரிசை. அந்த எண்ணுக்குத் திருப்பினால் குரல் வரும். பிறகு ட்ரங்கிங் என்ற முறை வந்தது. வங்கியில் ஒரே வரிசை, பல கவுண்டர் இருக்குமே, அதே கணக்குத்தான். யார் பேச வேண்டுமோ அவருக்கு அந்த நொடியில் காலியாக இருக்கும் அலைவரிசை ஒதுக்கப்படும். எது யாருக்கு என்று சொல்லும் ரோக்கன் பலகை போலக் கட்டுப்பாட்டு அலைவரிசை ஒன்று இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்கானர் அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பேச்சைப் பின்தொடர வேண்டும்.

அதற்கு மேல் குரலையே எண்களாக்கி அனுப்புவதுதான் டிஜிட்டல். வட அமெரிக்காவில் இதற்கான பொதுத் தரம் பி25. 1989இல் இதற்கான வேலை தொடங்கியது. ஐரோப்பாவில் டெட்ரா. பி25இன் இரண்டாம் கட்டத்தில் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு உரையாடல் போகும். அலைவரிசை பற்றாக்குறையான நகரங்களுக்கு இது பெரிய வசதி. வெவ்வேறு சேவைகள் ஒன்றோடொன்று பேசவும் முடியும். 2001 செப்டெம்பர் 11 அன்று நியூயோர்க்கில் பொலிஸும் தீயணைப்புப் படையும் தங்களுக்குள் சரியாகப் பேச முடியாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு இந்த மாற்றத்தின் அவசியத்தை யாரும் மறுக்கவில்லை.

டிஜிட்டல் என்பது தெரியாத பாஷை மாதிரி. படித்தால் விளங்கும். பி25ஐப் புரிந்துகொள்ளும் ஸ்கானர்கள் கடையில் கிடைக்கின்றன. யூனிடன் நிறுவனத்தின் எஸ்டிஎஸ்100 போன்றவை கனேடிய டொலரில் ஆயிரத்தை ஒட்டி வரும். காசு இல்லாதவனுக்கும் வழி உண்டு. கணினியில் தொலைக்காட்சி பார்க்கவென்று செய்த ஒரு சின்ன யூஎஸ்பி துண்டை ரேடியோவாக மாற்றலாம் என்று 2012 அளவில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஐம்பது அறுபது டொலருக்கு அதை வாங்கி, இலவச மென்பொருளையும் போட்டால் வேலை முடிந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு சனிக்கிழமையில் செய்து முடிக்கக்கூடிய காரியம்.

மறைகுறியாக்கம் அப்படியில்லை. அது இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய பேச்சு. ஏஇஎஸ் 256 என்ற பூட்டை உடைக்க வீட்டுக் கணினியால் முடியாது, ஆயிரம் டொலர் ஸ்கானராலும் முடியாது. டிஜிட்டலுக்கு மாறுவது தொழில்நுட்ப முடிவு. பூட்டுவது அதிகாரம் எடுக்கும் முடிவு. இரண்டையும் ஒரே பொதியில் கட்டி "புதிய ரேடியோ" என்ற பெயரில் கொண்டுவந்துவிட்டால், இரண்டாவதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

பூட்டுவதற்கும் நியாயம் உண்டு

எதிர்ப்பக்கத்தின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. குறிப்பாக நாங்கள் ஒதுக்க முடியாது.

பூட்டில்லாத காலத்தில் அந்தப் பெட்டியில் கேட்டவற்றை நினைத்துப் பாருங்கள். தற்கொலைக்கு முயன்ற ஒருவரின் வீட்டு இலக்கம், கணவன் அடிக்கிறான் என்று அழைத்த பெண்ணின் தெரு, மறிக்கப்பட்ட ஒருவரின் பெயர், பிறந்த திகதி எல்லாம் காற்றில் போனது. எங்கட சமூகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டு வாசலில் அம்புலன்ஸ் நின்றால் அடுத்த நாள் கோயில் வீதியில் அது கதை. அடி வாங்கும் ஒரு பெண் 911ஐ அழைக்கத் தயங்குவதற்கு "ஆக்கள் என்ன சொல்லுவினம்" என்பதும் ஒரு காரணம். அவளுடைய முகவரியை யாரும் கேட்கலாம் என்ற நிலை நல்லதென்று நான் சொல்ல மாட்டேன்.

பொலிஸின் பாதுகாப்பும் உண்டு. வீட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவன், வெளியே யார் எந்தப் பக்கத்தால் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. 2013இல் பொஸ்டன் குண்டுவெடிப்புச் சந்தேகநபர்களைத் தேடிய இரவில், பொலிஸ் நிற்கும் இடங்களை வெளியே சொல்ல வேண்டாம் என்று அதிகாரிகள் கெஞ்ச வேண்டியிருந்தது.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. காணாமற்போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரின் பெயரைச் சொல்லி, "ஸ்கானரில் கேட்டது, இவர்தான் ஆள்" என்று சமூக வலைத்தளங்களில் பரப்பினார்கள். அவர் சம்பந்தப்படவே இல்லை. பின்னர் அவர் இறந்த நிலையில் மீட்கப்பட்டார். அந்தக் குடும்பம் பட்ட வேதனையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஊடகவியலாளர்கள் அந்த இரவின் பொலிஸ் ஒலிப்பதிவை மீண்டும் கேட்டுப் பார்த்தபோது, அந்தப் பெயர் பொலிஸ் அலைவரிசையில் சொல்லப்பட்டதற்கான தடயமே கிடைக்கவில்லை. பொய்யைப் பரப்பியது வலைத்தளம். அலைவரிசை திறந்திருந்து, பதிவும் இருந்தபடியால்தான் பொய்யென்று சோதிக்க முடிந்தது. பூட்டியிருந்தால் "பொலிஸ்தான் சொன்னது" என்ற வதந்தி வதந்தியாகவே நின்றிருக்கும்.

அமைதி யாரைக் காப்பாற்றுகிறது?

2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் ஒருவன் பொலிஸ் கார் போலவே செய்த வாகனத்தில் பொலிஸ் சீருடையோடு திரிந்து 22 பேரைக் கொன்றான். பதின்மூன்று மணிநேரம். கைத்தொலைபேசிகளை அலற வைக்கும் அவசர எச்சரிக்கை முறை நாட்டில் இருந்தும், மத்திய பொலிஸ் அதைப் பயன்படுத்தவில்லை. ட்விட்டரில் எழுதினார்கள். கிராமப்புறத்தில் எத்தனை பேர் ஞாயிறு காலையில் ட்விட்டர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்? பிறகு அமைந்த விசாரணை ஆணைக்குழு 2023இல் தந்த அறிக்கையில் இந்தத் தகவல் தவறுகள் விரிவாகப் பேசப்பட்டன.

ஸ்கானர் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. எப்போது, எவ்வளவு சொல்வது என்ற முடிவை ஒரே கையில் கொடுத்துவிட்டால், அந்தக் கை தடுமாறும் நாளில் நமக்கு வேறு வழி இருக்காது என்பதைத்தான் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மின்சாரமில்லாத ஆண்டுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். பிபிசி தமிழோசைக்காக ஒரு வீட்டு முற்றத்தில் அயலே கூடும். ஒரு பக்கம் சொல்வதை மட்டும் கேட்டு உண்மையை அறிய முடியாது என்பது எங்களுக்குப் புத்தகத்தில் படித்த பாடமல்ல. இங்கே நிலைமை வேறு, பொலிஸும் வேறு. ஆனாலும் "நாங்கள் சொல்வதை மட்டும் கேளுங்கோ" என்ற ஏற்பாடு எந்த நாட்டிலும் நல்லதல்ல. அதுவும் பொலிஸ் மறிக்கும் காரில் எங்கட பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இடையில் ஒரு பாதை

பூட்டு, அல்லது முழுத் திறப்பு என்று இரண்டே வழிதான் என்பது போலப் பேசப்படுகிறது. அது சரியல்ல.

கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரப் பொலிஸ் 2021 ஆரம்பத்தில் அலைவரிசையைப் பூட்டியது. அடுத்த ஆண்டே, 2022 செப்டெம்பரில், திறந்துவிட்டது. பூட்டுவதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட தனிப்பட்ட விபரங்களை ரேடியோவில் முழுதாகப் படிக்காமல் தொலைபேசி, வாகனக் கணினி போன்ற வழிகளில் பரிமாறலாம் என்று முடிவு செய்தார்கள். தொழில்நுட்பம் ஒன்றும் மாறவில்லை, பழக்கம் மாறியது.

நோர்வேயில் நேட்நெட் என்ற டெட்ரா வலையமைப்பு 2015 இறுதியில் நாடு முழுதும் முடிக்கப்பட்டது. பத்திரிகையாளர்கள் நெடுங்காலம் கேட்டுவந்த பொலிஸ் ரேடியோ மௌனமானது. அதற்கு ஈடாக அங்கே பொலிஸ் மாவட்டங்கள் நிகழ்வுகளை உடனுக்குடன் ட்விட்டரில் எழுதத் தொடங்கின. பின்னர் அதற்கென்று சொந்தமாகப் பொதுப் பதிவேடு ஒன்றையே தொடங்கின. ஒஸ்லோவில் இருக்கும் தமிழர்களுக்கு அது பழகிய விடயம். குறை என்னவென்றால், எதை எழுதுவது என்பதைப் பொலிஸே தீர்மானிக்கும். ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

பிரித்தானியாவின் கதை இன்னும் இறுக்கம். 2005க்குள் எல்லாப் பொலிஸ் படைகளும் எயார்வேவ் வலையமைப்புக்குப் போய்விட்டன. அங்கே உங்களுக்கென்று இல்லாத செய்தியைக் கேட்பதே சட்டப்படி குற்றம். கனடாவில் அப்படியில்லை. கேட்கலாம். கேட்டதை அனுமதியில்லாமல் வெளியே சொல்வதும், அதைத் தன் தேவைக்குப் பயன்படுத்துவதும்தான் குற்றம். ஸ்கானர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

ரொறன்ரோவிலேயே நல்ல உதாரணம் உண்டு. தீயணைப்புப் படையின் பேச்சு டிஜிட்டலாக இருந்தும் பூட்டப்படவில்லை. அதோடு, எந்தத் தெருவில் என்ன வகை அழைப்பு, எத்தனை வண்டி போயிருக்கு என்ற பட்டியலை நகரசபை தன் இணையத்தில் தொடர்ந்து புதுப்பித்துப் போடுகிறது. வானம் இடிந்து விழவில்லை. பொலிஸும் இதைச் செய்யலாம். வழமையான அழைப்பு அலைவரிசையைத் திறந்து வைக்கலாம், விசேட நடவடிக்கைக்கு உரியதை மட்டும் பூட்டலாம். அதற்கும் மனமில்லையென்றால், அரை மணிநேரம் தாமதித்தாவது ஒலியை வெளியிடலாம். தனிப்பட்ட விபரங்களைத் திறந்த அலைவரிசையில் சொல்லாமல் விடலாம்.

ஆர்வலர்கள் என்ன செய்கிறார்கள்?

சிலர் பெட்டியை விற்றுவிட்டார்கள். மற்றவர்கள் வேறு பக்கம் காது கொடுக்கிறார்கள். விமானங்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவது இன்றும் பழைய அனலொக் முறையில்தான். பியர்சன் விமானநிலையத்துக்கு இறங்கும் விமானத்தின் குரலை ஸ்காபரோவில் இருந்தபடியே கேட்கலாம். சரக்கு ரயில்களின் பேச்சு, ஒன்ராறியோ ஏரியில் படகுகளின் பேச்சு எல்லாம் இன்னும் திறந்துதான் கிடக்கின்றன.

இன்னும் சிலர் கேட்பதை விட்டுப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கான அடிப்படைப் பரீட்சையில் 100 கேள்வி, 70 புள்ளி எடுத்தால் சித்தி. 2004 சுனாமியில் அந்தமான் தீவுகளின் தொடர்புகள் அறுந்தபோது, அங்கே தற்செயலாக வந்திருந்த பாரதி பிரசாத்தும் அவரது குழுவினரும் போர்ட் பிளேயரில் இருந்து அமெச்சூர் ரேடியோவில்தான் செய்தி கொண்டுபோனார்கள். பிள்ளைகளுக்கு ரோபோ வகுப்புக்குக் காசு கட்டும் பெற்றோர் இதையும் யோசிக்கலாம்.

ஆனால் பொழுதுபோக்குக்கு மாற்று கிடைத்ததால் கேள்வி தீர்ந்துவிடாது. பொலிஸுக்கான பாதீட்டை நகரசபை ஒவ்வொரு ஆண்டும் விவாதிக்கிறது, பொலிஸ் சபைக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச இடமுண்டு. தேர்தல் காலத்தில் எங்கட வீட்டுக் கதவைத் தட்டும் வேட்பாளர்களில் தமிழர்களும் உண்டு. அடுத்தமுறை வரும்போது குப்பை, பனி, வரி பற்றிக் கேட்கிற கையோடு இதையும் கேளுங்கோ: தீயணைப்புப் படைக்கு இயலுமானது பொலிஸுக்கு ஏன் இயலாது?