‘உண்மைச் சம்பவம்’ என்று சொல்லும் முன்...

‘திகில் வலையொலிகள் நம் இளையோருக்குத் தேவைதானா?’ இதுதான் மன்றத்தில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தேவை என்று இருவர் பேசினார்கள், தேவையில்லை என்று இருவர் பேசினார்கள். நான் வேறொரு கேள்வியோடு போனேன். ‘இது உண்மையில் நடந்தது’ என்று தொடங்குகிறார்களே, அந்த உண்மை யாருடையது?

பயக்கதை நமக்குப் புதிதல்ல. நான் வளர்ந்தது சுங்கை பினாங் அடுக்குமாடியில். மின்சாரம் நின்றுவிட்டால் பிள்ளைகள் எல்லாரும் படிக்கட்டில் கூடிவிடுவோம். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த பாட்டிமார்கள் ஆளுக்கொரு முனி கதை, மோகினி கதை எடுத்து விடுவார்கள். பத்து லஞ்சாங் மயானம் அதிகத் தூரமில்லை என்பது கதைக்குக் கூடுதல் பலம்! கொஞ்சம் வளர்ந்த பிறகு, 1989இல் சிங்கப்பூரில் ரஸ்ஸல் லீ என்ற புனைபெயரில் தொடங்கிய ‘ட்ரூ சிங்கப்பூர் கோஸ்ட் ஸ்டோரீஸ்’ புத்தகங்கள் வகுப்பில் கைமாறி, அட்டை கிழிந்து என்னிடம் வந்து சேர்ந்தன. அந்தத் தலைப்பிலேயே ‘ட்ரூ’ இருப்பதைக் கவனியுங்கள். வெறும் பேய்க்கதைக்கு இல்லாத மதிப்பு ‘உண்மை’க்கு உண்டு.

இப்போது பாட்டியின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. பாட்காஸ்ட் என்ற சொல்லை 2004இல் பென் ஹேமர்ஸ்லி என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் எழுதினார். நாம் அழகாக வலையொலி என்கிறோம். வானொலி நாடகத்தைக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்டது. வலையொலியை ஒருவர் மட்டும், காதுக்குள் செருகிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறார். பயத்தின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி எங்கள் தொழில். டிப்ளோமா படித்த காலத்தில் ஒலிக்கூடத்தில் இதைத்தான் முதலில் விளையாடிப் பார்த்தோம். மைக்கை வாய்க்கு மிக நெருக்கமாக வைத்தால் குரலின் அடிநாதம் கனத்துவிடும். கேட்பவருக்கு, பேசுகிறவர் தோளுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருக்கும். எலும்பு முறியும் சத்தம் வேண்டுமா? செலரிக் கீரைத் தண்டை முறித்தால் போதும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆயுதம் மௌனம். வாக்கியத்தின் நடுவே இரண்டு விநாடி நிறுத்தினால், அந்த இடைவெளியை நேயர் தம் சொந்தப் பயத்தால் நிரப்பிக்கொள்வார். காசு செலவே இல்லை!

இதில் தவறில்லை. கதை கதையாக இருக்கும் வரை யாருக்கும் நட்டமில்லை. 2011இல் தொடங்கிய ‘நோஸ்லீப்’ என்ற அமெரிக்க வலையொலி, இணையத்தில் ஒரு குழுவினர் எழுதிய கதைகளிலிருந்து பிறந்தது. அந்தக் குழுவில் ஒரு வேடிக்கையான விதி: பொய்யாகவே இருந்தாலும், இங்கே எல்லாம் உண்மை! எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் அது விளையாட்டு என்று தெரியும். இருவரும் சேர்ந்து கண்ணைக் கட்டிக்கொள்கிறார்கள்.

சிக்கல், ஊர்ப் பெயரும் தேதியும் உள்ளே வரும்போதுதான். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நடத்திய ஒரு வலையொலிக்குக் குரல் கொடுத்தேன். 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹாலிம் பெர்ரி முனையம் இடிந்து விழுந்த சம்பவம் நம் வட்டார மக்களுக்குத் தெரியும். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாக் கூட்டமும், தீவில் நடந்த குவான் யின் ஊர்வலத்துக்குப் போகும் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. மேல்தளம் பாரம் தாங்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நான் அப்போது பிறக்கவே இல்லை. எங்கள் கதையில், கடைசிப் பெர்ரிக்குக் காத்து நிற்கும் பச்சைச் சேலைப் பெண் ஒருத்தி வந்தாள். ‘உண்மைச் சம்பவம்’ என்று தொடங்கினேன். பச்சைச் சேலை, எழுதியவரின் கற்பனை. இரண்டு விநாடி மௌனத்தை மிகச் சரியாகப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து, அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போனபோது கீழ்மாடி அக்கா என்னை நிறுத்தினார். அறுபது வயதைக் கடந்தவர்.

“நீ சொன்ன கதைய என் பேரன் போட்டுக் காட்டுனான் பாப்பா. நல்லாத்தான் சொல்லியிருக்க. எங்க பெரியக்கா அன்னம்மா கோயிலுக்குப் போய்ட்டுத் திரும்பி வர்ற வழியில அங்கதான் செத்துச்சு. அன்னைக்கு அது என்ன சேலை கட்டியிருந்துச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்த சறுக்கல் அல்ல. 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். எஞ்சிய இரண்டு கட்டடங்கள் பல ஆண்டுகள் ஆவி தேடுவோரின் இரவுச் சுற்றுலாத் தலமாகிவிட்டன. அந்தச் சரிவுக்கு, மலைச்சரிவில் நீர் வடிய முறையான வழியில்லாததும் காரணம் என்று பேசும் திகில் கதையை நான் இதுவரை கேட்டதில்லை. வடிகாலில் என்ன திகில் இருக்கிறது என்கிறீர்களா? அங்கே குடியிருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய திகில் எது?

நம் தீவின் தென்கோடிக்கு வருவோம். பத்து மாவுங் குன்றில் 1930களில் ஆங்கிலேயர் கட்டிய கோட்டை, 2002இல் போர் அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. 2013இல் நேஷனல் ஜியோகிராபிக் தொலைக்காட்சி அதைப் பேய் உலவும் இடங்களின் வரிசையில் காட்டியது. அதன் பிறகு பினாங்கைப் பற்றிய எந்தத் திகில் வலையொலியும் அந்தக் குன்றில் ஏறாமல் இறங்குவதில்லை. தலையில்லாத சிப்பாய், நள்ளிரவுக் காலடி ஓசை... எல்லாம் வரும்.

ஆனால் 1941 டிசம்பரில் இந்த ஊரில் நடந்ததைக் கேளுங்கள். டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனில் குண்டு வீசின. தலைக்கு மேலே பறந்ததை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற மக்கள் கும்பல் கும்பலாக மடிந்தார்கள். சில நாள்களில் ஆங்கிலேய அதிகாரிகள் ஐரோப்பியர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓசைப்படாமல் தீவை விட்டுப் போனார்கள். விடிந்து பார்த்தால் ஆட்சியே இல்லை! கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர், ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, யாழ்ப்பாண வழித் தமிழர். போனவர்கள் வானொலி நிலையத்தைக்கூட உடைக்காமல் விட்டுவிட்டார்கள். ஜப்பானியர் அதே ஒலிவாங்கியிலிருந்து சிங்கப்பூர் மக்களை மிரட்டிப் பேசினார்கள். இருட்டில் ஒரு பெட்டியிலிருந்து வந்த அந்தக் குரலுக்கு முன் எங்கள் பின்னணி இசை எம்மாத்திரம்?

இத்தனைக்கும் ஒரு பேய்கூடத் தேவைப்படவில்லை.

ஆவி உண்டா இல்லையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. என் பாட்டி உண்டு என்றார், அப்பா இல்லை என்றார், இருவரும் நன்றாகத்தான் தூங்கினார்கள். பிபிசியில் டேனி ராபின்ஸ் 2021இல் தொடங்கிய ‘அன்கேனி’ வலையொலியில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. அனுபவப்பட்டவரையே பேச வைப்பார். பிறகு நம்பும் ஒருவரையும் நம்பாத ஒருவரையும் அழைத்து விசாரிப்பார். பயமும் குறைவதில்லை, நேர்மையும் குறைவதில்லை. நம்மவர்களும் இதைச் செய்யலாம். ஆள், இடம், தேதியைச் சரிபார்த்துவிட்டு ‘உண்மை’ என்று சொல்லட்டும். சரிபார்க்க முடியாததைக் ‘கேள்விப்பட்ட கதை’ என்று சொல்லட்டும். கதையின் சுவை அதனால் கெட்டுவிடாது. எங்கள் படிக்கட்டுப் பாட்டிமார்கள் எப்போதும் ‘சொல்லுவாங்க’ என்றுதான் ஆரம்பித்தார்கள். அப்படியும் நாங்கள் இரவில் தனியாகக் கழிவறைக்குப் போனதில்லை.

பச்சைச் சேலைக் கதையை நண்பர்களிடம் சொல்லி நீக்கச் செய்தேன். பிறகு கீழ்மாடி அக்காவின் அனுமதியோடு, அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அவர் குரலிலேயே அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பதிவு செய்தேன். இசை சேர்க்கவில்லை. நடுவில் குக்கர் விசில் அடித்தது, அதையும் வெட்டவில்லை. அக்காவின் பேரன் முழுவதையும் கேட்டுவிட்டு, பெரிய பாட்டியின் படம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டானாம். பழைய பெட்டியைத் திறந்து தேடியிருக்கிறார்கள். சேலை ஊதா நிறம்.