ஆந்தை எப்போது குரல் கொடுக்கும்?

இரவில் ஆந்தை அலறினால் தீங்கு நேரும் என்று பலர் அஞ்சுகின்றனர். கல்லெறிந்து அதனை விரட்டுவோரும் உண்டு. உண்மையில் அக்குரல் மனிதருக்கான செய்தி அன்று. தன் எல்லையை அறிவிக்கவும் இணையை அழைக்கவுமே ஆந்தை குரல் எழுப்புகிறது. அக்குரல் எப்போது மிகும், எப்போது குறையும் என்பதில் சுற்றுச்சூழலுக்குப் பெரும்பங்கு உண்டு.

தில்லியின் வேப்பமரங்களிலும் தமிழ்நாட்டின் புளியமரங்களிலும் ஒருங்கே வாழ்வது புள்ளி ஆந்தை. ஏறத்தாழ 21 செ.மீ. நீளமுள்ள இச்சிறு பறவை, அந்தி சாய்ந்ததும் விடியலுக்குச் சற்று முன்னும் மிகுதியாகக் கத்தும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதன் இனப்பெருக்கக் காலம் ஆதலால், அப்போது குரல் இன்னும் மிகும்.

பலத்த காற்று வீசும்போது இலைகளின் சலசலப்பு ஆந்தையின் குரலை அமிழ்த்திவிடும். மழையின் ஓசையும் அவ்வாறே குரல் எட்டும் தொலைவைக் குறைக்கும். கேட்பார் இல்லாதபோது கத்துவது வீண் அன்றோ? எனவே இத்தகைய இரவுகளில் ஆந்தைகள் பெரும்பாலும் அமைதி காக்கின்றன. காற்றடங்கிய தெளிந்த இரவில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும். அப்போது ஒலி மேலே சென்று மறையாமல் தரையை நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்லும்.

நிலவொளியும் ஒரு காரணம் ஆகும். ஸ்பெயின் நாட்டில் கொம்பன் ஆந்தை வகை ஒன்றை ஆராய்ந்தோர், நிலவுள்ள இரவுகளில் அது மிகுதியாகக் குரல் கொடுப்பதைக் கண்டனர். கத்தும்போது அதன் தொண்டையில் தெரியும் வெண்ணிற இறகுகள் நிலவொளியில் பளிச்சிட்டு மற்ற ஆந்தைகளுக்கு அடையாளம் ஆகின்றன. எனினும், எல்லா ஆந்தை இனங்களும் இவ்வாறே நடந்துகொள்வதில்லை.

அவ்வாறாயின், அச்சம் எங்கிருந்து பிறந்தது? முற்காலத்தில் நோயாளி இருக்கும் வீட்டில் இரவு முழுவதும் விளக்கு எரிந்தது. விளக்கொளியை நாடிப் பூச்சிகள் வந்தன. பூச்சிகளைத் தின்ன ஆந்தை வந்தது. நோயாளி இறந்தபோது பழி ஆந்தையின்மேல் விழுந்திருக்கலாம்.

எலிகளை உண்டு பயிரைக் காக்கும் ஆந்தை உழவரின் நண்பன். ஆந்தைகளை வேட்டையாடுவதையும் விற்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும், மூடநம்பிக்கையால் அவை இன்றும் கொல்லப்படுகின்றன. காரணம் அறிந்தவர் கையில் கல் எடுக்கமாட்டார்.

செயல்பாடு: ஒரு மாதம் இரவுதோறும் ஆந்தையின் குரல் கேட்கிறதா எனக் கவனிக்க. நேரம், நிலவு, காற்று, மழை ஆகியவற்றை அட்டவணையாக எழுதுக. எவ்வகை இரவில் குரல் மிகுதியாகக் கேட்டது என்பதை ஐந்து வரிகளில் விளக்குக.