தோட்டக் குழாய் வால்வின் பழுதும் திருத்தமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்களில் முன்னாளில் துலா மிதித்துப் பட்டையால் இறைத்த நீர் மண் வாய்க்கால் வழியே பாத்திகளை அடைந்தது. தண்ணீர் மாறுபவர் ஒரு மண்வெட்டி மண்ணை இட்டு வாய்க்காலை அடைத்தார். அடைப்புக் கசிந்தால் அது அவர் கண்முன்னே தெரிந்தது. இக்காலத்திலோ இயந்திரத்தால் இறைக்கும் நீர் பல தோட்டங்களில் பி.வி.சி. குழாய்களின் வழியே செல்கின்றது. அங்கே மண்வெட்டியின் வேலையை வால்வு செய்கின்றது. அதன் பழுது எளிதிற் புலப்படுவதில்லை.

குடாநாட்டின் கிணறுகளுக்கு நீர் தருவது சுண்ணக்கற் பாறையில் ஊறி நிற்கும் மழைநீரே. இந்நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதால், அளவுக்கு மிஞ்சி இறைக்குமிடத்து உவர் மேலெழும். ஆகவே வீணே ஒழுகும் நீர் எரிபொருட் செலவோடு நின்றுவிடுவதில்லை. வால்வைச் சுற்றி எந்நேரமும் ஈரமாயிருக்கும் பாத்தியில் வெங்காயம் அழுகுதலும் கண்கூடு.

ஒழுக்கின் அளவை அறிதல் எளிது. 10 லீற்றர் வாளி ஒன்றை ஒழுக்கின் கீழ் வைத்துப் பார்க்க. அது 20 நிமிடத்தில் நிரம்புமாயின், மணிக்கு 30 லீற்றரும் நாளொன்றுக்கு 720 லீற்றரும் வீணாகின்றன. தாங்கியிலிருந்து வரும் குழாயில் இரவும் பகலும் நீர் நிற்பதால் இக்கணக்கு முழுவதும் பொருந்தும்.

தோட்டங்களிற் காணப்படும் பித்தளைக் கேற் வால்வின் அமைப்பைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று. கைச்சக்கரத்தைத் திருப்ப ஒரு தண்டு சுழலும். தண்டின் அடியிலுள்ள ஆப்பு வடிவான கதவு உயர்ந்தும் தாழ்ந்தும் நீரைத் திறக்கும், அடைக்கும். தண்டு வெளிவரும் இடத்தில் ஒரு சிறு நட்டும், அதனுள்ளே நீர் கசியாதபடி நெருக்கி வைத்த திரியும் உள்ளன. இதன் கீழுள்ள பெரிய மூடியைக் கழற்றினாற் கதவு வெளியே வரும்.

நீர் கைச்சக்கரத்தின் அடியிலிருந்து கசிந்தால், தேய்ந்தது அத்திரியே, வால்வு கெட்டுவிடவில்லை. பலர் இதனை அறியாது புதிய வால்வு வாங்குகின்றனர். வேறு சிலர் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டுகின்றனர். அதனால் ஒழுக்கு மறைகின்றதேயன்றி நிற்பதில்லை. செய்ய வேண்டியது, சிறு நட்டை ஸ்பனரால் அரைக்காற் சுற்று மட்டும் இறுக்கிப் பார்ப்பதாகும். பெரும்பாலும் இதுவே போதும். சக்கரம் திருப்ப முடியாதபடி இறுகுமாயின் நட்டைச் சற்றுத் தளர்த்துக.

அவ்வாறும் நில்லாவிடின் திரியை மாற்றல் வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, தாங்கியின் வாயை அடைத்து, குழாயிலுள்ள நீரை வெளியேற விடுக. பின்னர் சக்கரத்தையும் சிறு நட்டையும் கழற்றி, வளைத்த கம்பியாற் பழைய திரியை முற்றாகக் கிளறி எடுக்க. இரும்புக் கடையில் விற்கும் கிரீஸ் பூசிய திரியை நட்டு இறுகும் திசையிலேயே தண்டைச் சுற்றி இடுக. எதிர்த்திசையிற் சுற்றினால் நட்டு இறுகும்போது திரி அவிழ்ந்துவிடும். நட்டைக் கையால் முடுக்கியபின், கசிவு நிற்குமளவுக்கு மட்டும் ஸ்பனரால் இறுக்குக.

வால்வை அடைத்தபின்னும் நீர் ஓடுமாயின் குறை கதவில் உள்ளது. இத்தருணத்தில் நீண்ட குழாய்த்துண்டைச் சக்கரத்தில் மாட்டிப் பலங்கொண்டு திருகுதல் பெரும் பிழை, தண்டே முறிந்துவிடும். முதலில் வால்வை முழுதும் திறந்து நீரை வேகமாக ஓடவிட்டு, மூன்று நான்கு முறை மெல்ல அடைத்துத் திறக்க. மணலோ தும்போ சிக்கியிருப்பின் அடித்துச் செல்லப்படும்.

அதனாற் பயனில்லையெனில் நீரை நிறுத்திப் பெரிய மூடியைக் கழற்றுக. வால்வின் உடலை இரண்டாவது ஸ்பனரால் அசையாது பிடித்துக்கொள்ளல் மிக அவசியம், இன்றேல் பி.வி.சி. இணைப்பு முறுகி வெடிக்கும். குடாநாட்டுக் கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி. ஆதலாற் கதவில் வெண்ணிறப் படிவு கல்லாய் ஒட்டியிருக்கக் காணலாம். கதவைச் சில மணிநேரம் வினாகிரியில் ஊறவைத்துப் பழைய பற்றூரிகையால் தேய்க்கப் படிவு கரையும். அரத்தாலோ கத்தியாலோ சுரண்டலாகாது. கீறல் விழுந்த கதவு ஒருபோதும் நீரைத் தடுக்காது.

சக்கரம் தடையின்றிச் சுற்றிக்கொண்டேயிருந்து கதவு அசையாவிடின், தண்டு முறிந்திருக்கும் அல்லது அதன் புரி தேய்ந்திருக்கும். அவ்வால்வை மாற்றுவதே வழி. புதியதை இணைக்கும்போது புரியில் ரெப்லோன் நாடாவை இறுகும் திசையில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி முடுக்குக. பித்தளையிற் பொருந்தும் பி.வி.சி. துண்டை மிகையாக இறுக்கினால் வெடிக்கும். பசையிட்ட இணைப்புகளுக்கு ஒரு நாள் முழுதும் நீர் விடாதிருத்தல் நன்று. வால்வின் அருகே ஒரு யூனியன் இணைப்பையும் பொருத்துவதாற் சிறிது செலவு கூடும்; எனினும் மறுமுறை குழாயை வெட்ட வேண்டியதில்லை.

விலை குறைந்த பி.வி.சி. போல் வால்வுகளிற் பெரும்பாலானவற்றைக் கழற்றித் திருத்த இயலாது. வெயிலால் அவற்றின் பிடி உக்கி உடைவதுமுண்டு. அவற்றை நிழலில் அமைத்தல் வேண்டும்.

நீரைக் குறைக்கும் பொருட்டுக் கேற் வால்வைப் பாதி திறந்து விடும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. பாதி திறந்த கதவு நீரின் வேகத்தில் அதிர்ந்து விளிம்பு தேயும். முழுதும் திறத்தல் அல்லது முழுதும் அடைத்தலே முறை. திறந்தபின் சக்கரத்தைக் காற்சுற்றுப் பின்னோக்கித் திருப்பி விட்டால் தண்டு இறுகிப்போகாது. இறைப்பு இல்லாத மாரிகாலத்திலும் மாதம் ஒருமுறை எல்லா வால்வுகளையும் அடைத்துத் திறத்தல் வேண்டும். இல்லையெனிற் சுண்ணாம்பு படிந்த கதவு தையில் இறைப்புத் தொடங்கும் நாளில் அசையாது நிற்கும்.