நாய்க்குச் சீமெந்து வேண்டாம்

கொழும்பு கோட்டையிலிருந்து வரும் மலையக ரயில் 1924 முதல் பதுளை வரை ஓடுகிறது. அதன் உயரமான மிதிபடிகளில் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்குவதற்குள் உடன் வருபவருக்கு வியர்த்துவிடும். எல்ல நகரில் இறங்கினால் அடுத்த சோதனை விடுதி. சரிவில் கட்டிய விடுதிகளில் நல்ல காட்சி மேல்மாடிக்குத்தான். அங்கே போகப் படியேற வேண்டும். "தூக்கிட்டுப் போறோம் சார்" என்று பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் ஓடி வருவார்கள். அன்புதான். ஆனால் காசு கொடுத்து அறை எடுத்தவர் சுமையாகப் போக விரும்புவாரா?

சாய்வுப் பாதைக்கு வழக்கமான அளவு 12க்கு 1. வாசலில் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் நான்கு படிகள் இருந்தால் 7 மீற்றருக்கு மேல் நீளம் தேவை. மலைச்சரிவில் இடமில்லை என்று முதலாளி கையை விரித்தால் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

வழிகாட்டி நாயோடு வரும் பார்வையற்றவரைத் திருப்பி அனுப்ப அந்தச் சாக்குக்கூடக் கிடையாது. அந்த நாய்க்குக் கொத்தனாரும் வேண்டாம், சீமெந்தும் வேண்டாம். கட்டிலோரம் கொஞ்சம் தரை போதும். கைப்பிடி வார் பூட்டியிருக்கும்வரை அது வேலையில் இருக்கிறது. தடவக்கூடாது, தின்ன எதுவும் போடக்கூடாது. அமெரிக்காவில் நாயின் வேலை வெளிப்படையாகத் தெரியாதபோது ஹோட்டல்காரர் கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள்: இயலாமை காரணமாகத் தேவைப்படும் நாயா? என்ன வேலைக்குப் பழக்கியது? சான்றிதழ் கேட்க முடியாது. தனிக் கட்டணமும் வாங்க முடியாது.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் காசு கொடுத்தோ கொடுக்காமலோ நுழையும் எந்த இடத்திலும் இயலாமையைக் காட்டித் தடை போடக்கூடாது என்கிறது. நாயை வெளியே கட்டச் சொல்வது அதன் கண்ணை நம்பி வந்தவரையே வெளியே நிறுத்துவதுதான்.

2006இல் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகளும் வந்தன. ஏட்டிலிருந்த அவற்றுக்கு உயிர் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் ஓடும் கார்மேல் மரம் விழுந்ததில் நடக்க முடியாமல் போனது. அவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் கழிப்பறை உட்பட இந்த விதிகளுக்கு அமைய வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

விசர்நாய் நோய் இன்னும் ஒழியாத நாட்டில் நாயை உள்ளே விட விடுதிக்காரர் தயங்குவதில் வியப்பில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நாய்க்குத் தடுப்பூசியும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியும் கட்டாயம் என்பது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். வழிகாட்டி நாயோடு வருபவருக்கு உண்மையான தொல்லை தெருநாய்கள். இரவில் வாசல்வரை ஒரு பையன் துணைக்கு வந்தால் பெரிய உதவி.